பார்வை பெருகுகிறது, பாதை தெரிகிறதா?

(திண்டுக்கல்லில் நடைபெற்ற இளைஞர் பயிற்சி அரங்கில் ஆற்றிய உரை)

திண்டுக்கல் நகரிலிருந்தும், நிலக்கோட்டை, வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், நத்தம், ஆத்தூர் வட்டாரங்களிலிருந்தும் வந்து குழுமியிருக்கும் தோழர்களே! தாய்மார்களே!

குறுங்காணொலி பற்றிப் பேசுமாறு எனக்குப் பணித்திருக்கிறார்கள். ரீல்ஸ் என்றும் ஷார்ட்ஸ் என்றும் நாடு அழைக்கின்ற, கட்டைவிரல் அசைவிலே வந்து கட்டைவிரல் அசைவிலே மறைகின்ற, அரை நிமிட, ஒரு நிமிடப் படங்களைப் பற்றி. “மணிக்கணக்கில் பேசுகிறவனை அழைத்து நிமிடக் கணக்கைப் பற்றிப் பேசச் சொல்கிறார்களே!” என்று முன்வரிசைத் தோழர் ஒருவர் புன்னகை புரிகிறார். சிரியுங்கள் தோழரே! சிந்தித்துக்கொண்டே சிரியுங்கள். ஏனெனில் இது பொழுதுபோக்கைப் பற்றிய பேச்சன்று. மக்களின் பொழுது எங்கே போகிறது என்பதைப் பற்றிய பேச்சு.

விடியுமுன் நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை பறிக்கப் போகிறாரே ஒரு தாய், அவர் மடியிலே கைப்பேசி. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையிலே மூட்டை இறக்கிவிட்டு மூச்சு வாங்குகிறாரே ஒரு தொழிலாளி, அவர் கையிலே கைப்பேசி. வேடசந்தூர் நூற்பாலையிலே இரவு ஷிப்டு முடித்து, பஞ்சுத் தூசு படிந்த கண்ணோடு விடுதி திரும்புகிறாளே ஒரு தங்கை, அவள் தலையணைக்கு அருகிலே கைப்பேசி. திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் நின்று பாருங்கள்: குனிந்த தலைகள், ஒளிரும் முகங்கள், ஓயாத விரல்கள்! ஊர் வேறு, தொழில் வேறு, வயது வேறு. பார்க்கும் சாளரம் மட்டும் ஒன்று. அந்தச் சாளரத்தின் வழியே என்ன வருகிறது, யார் அனுப்புகிறார்கள், எதற்காக அனுப்புகிறார்கள் என்று கேட்க வேண்டியது நம் கடமையல்லவா?

கடை மூடியது, கூட்டம் கலையவில்லை

வந்த கதையை முதலில் பார்ப்போம். 2014ஆம் ஆண்டில் ஒரு ஜிபி இணையத்துக்கு ஏறத்தாழ 269 ரூபாய் என்பது அரசாங்கமே சொல்லும் கணக்கு. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது, விலை விழுந்தது, பத்து ரூபாய்க்கும் கீழே சரிந்தது. செல்வர் வீட்டுச் சரக்காக இருந்த காணொலி, கூலிக்காரர் குடிசைக்கும் வந்து சேர்ந்தது. அந்த வழியிலே புகுந்தது டிக்டாக்.

எழுத்தறியாத பாட்டி நடித்தார். கொத்தனார் பாடினார். மளிகைக் கடைப் பையன் வசனம் பேசினான். பட்டணத்துப் படப்பிடிப்பு நிலையத்தின் வாயிற்காவலரைத் தாண்ட முடியாதவர்களெல்லாம் தங்கள் வீட்டுத் திண்ணையையே அரங்கமாக்கிக்கொண்டார்கள். கூடவே ஆபாசமும் வந்தது, சாதி வெறியும் வந்தது, உயிரைப் பணயம் வைக்கும் விளையாட்டும் வந்தது. 2019 பிப்ரவரியில், தடை செய்யுமாறு மத்திய அரசைக் கேட்போம் என்று அன்றைய அமைச்சர் சட்டமன்றத்திலே அறிவித்தார். ஏப்ரல் 3ஆம் நாள், இந்தத் திண்டுக்கல்லையும் தன் எல்லைக்குள் கொண்டிருக்கும் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அந்தச் செயலியை எவரும் பதிவிறக்காதபடி தடுக்குமாறு இடைக்கால ஆணை பிறப்பித்தது. ஏப்ரல் 24ஆம் நாள், நிபந்தனைகளோடு அதே நீதிமன்றம் அந்தத் தடையை விலக்கியது. மூன்றே வாரம்!

அடுத்த ஆண்டு, 2020 ஜூன் 29. எல்லையிலே இரத்தம் சிந்தப்பட்ட பின்னணியில், நாட்டின் பாதுகாப்பைக் காரணம் காட்டி 59 செயலிகளை இந்திய அரசு தடை செய்தது. டிக்டாக்கும் அதிலே ஒன்று. குறுங்காணொலியின் கதை அன்றோடு முடிந்தது என்று பலர் எண்ணினர். முடிந்ததா? ஜூலையிலே இன்ஸ்டாகிராம் ரீல்ஸை இந்தியாவில் இறக்கியது. செப்டம்பரிலே யூடியூப் தன் ஷார்ட்ஸின் வெள்ளோட்டத்தை உலகிலேயே முதன்முதலாக இந்த நாட்டில்தான் தொடங்கியது. சீனத்துக் கடை மூடிய தெருவிலே அமெரிக்கக் கடை திறந்தது. பார்ப்பவர் மாறவில்லை, பார்க்க வைக்கும் முறை மாறவில்லை, இலாபம் போகும் திசை மட்டுமே மாறிற்று. ஆணையால் கடையை மூடலாம் தோழர்களே, ஆசையை மூட முடியாது என்பதை அந்த நிகழ்ச்சி நமக்குக் காட்டிற்று.

கடைக்காரரே நம்பாத கணக்கு

இனி எண்ணிக்கைக்கு வருவோம். 2023 அக்டோபரில் யூடியூபை நடத்தும் நிறுவனம் சொன்னது: ஷார்ட்ஸுக்கு நாளொன்றுக்கு 7,000 கோடி பார்வைகள். 2025 ஜூனில் யூடியூபின் தலைமை அதிகாரி சொன்னார்: நாளொன்றுக்கு 20,000 கோடி! உலக மக்கள் தொகையே 800 கோடிக்குச் சற்று அதிகம். குழந்தை, கிழவர், கண் பார்வை அற்றவர் அனைவரையும் சேர்த்து ஆளுக்கு இருபதுக்கு மேல் என்று ஆகிறதே! “ஆகா, என்ன வளர்ச்சி!” என்று வாய் பிளக்கத் தோன்றும். வாயைப் பிளக்குமுன் கண்ணைத் திறப்போம்.

2025 மார்ச் 31ஆம் நாள் முதல் யூடியூப், ஷார்ட்ஸின் பார்வையை எண்ணும் முறையையே மாற்றிவிட்டது. அதற்கு முன் சிறிது நேரமாவது பார்த்திருந்தால்தான் ஒரு பார்வை. அந்த நாள் முதல், படம் ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை. மீண்டும் சுழன்றாலும் இன்னொரு பார்வை. இத்தனை நொடி பார்த்திருக்க வேண்டும் என்ற கட்டாயமே கிடையாது. அந்த நாள் முதல் பெருகிய பார்வையிலே வளர்ச்சி எவ்வளவு, வாய்ப்பாடு மாறியதால் வந்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும் நமக்கு.

பழைய டூரிங் கொட்டகையை நினைத்துக்கொள்ளுங்கள். சீட்டு வாங்கி மணலிலே உட்கார்ந்தவரை எண்ணினால் அது வசூல். கொட்டகை வழியே போன மாட்டுவண்டியையும், வண்டியில் உறங்கியவரையும், வண்டியை இழுத்த மாட்டையும் சேர்த்து எண்ணினால் அதற்குப் பெயர் என்ன? அந்த மாடு திரும்பி வரும்போது மறுபடியும் எண்ணினால் அதற்குப் பெயர் என்ன?

இதிலே ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். காணொலி போட்டவருக்குப் பணம் கொடுக்கும்போது மட்டும் யூடியூப் இந்தப் புதிய கணக்கைப் பார்ப்பதில்லை. உண்மையிலேயே நின்று பார்த்தவர்களைக் குறிக்கும் பழைய கணக்கைத்தான் பார்க்கிறது. காட்டுவதற்கு ஒரு கணக்கு. கொடுப்பதற்கு ஒரு கணக்கு! கடைக்காரரே நம்பிப் பணம் கொடுக்காத கணக்கை நம்பி, நாம் ஏன் நம் இயக்கத்தின் வலிமையை எடைபோட வேண்டும்?

நாடகம் எழுதுபவன் நான். ஆகவே ஒரு சிறு காட்சி. இடம்: ஒரு கிளைப் படிப்பகம். இளைஞர் ஓடி வருகிறார்.

“அண்ணே! நாம் போட்ட குறுங்காணொலியை ஓர் இலட்சம் பேர் பார்த்துவிட்டார்கள்!”

“மகிழ்ச்சி தம்பி. அதிலே நம் ஊர்க்காரர் எத்தனை பேர்?”

“அது தெரியாது அண்ணே.”

“முழுவதும் பார்த்தவர் எத்தனை பேர்?”

“அதை நான் பார்க்கவில்லை அண்ணே.”

“குடிநீர்க் குழாய்க்காக நாளை மனுக்கொடுக்கப் போகிறோமே, அந்த இலட்சத்தில் எத்தனை பேர் வருவார்கள்?”

இளைஞர் தலைகுனிகிறார். கிளைச் செயலாளர் அவர் தோளைத் தட்டிச் சொல்கிறார்: “வருந்தாதே தம்பி! பெயர் தெரியாத இலட்சம் பேரைச் சேர்த்துவிட்டாய். அதிலிருந்து பெயர் தெரிந்த பத்துப் பேரை அழைத்து வா. இயக்கம் அங்கேதான் தொடங்குகிறது.”

திரை விழட்டும். காட்சி சிறிது, கருத்துப் பெரிது.

ஏளனம் செய்வோருக்கு ஒரு சொல்

இதைக் கேட்டதும், “அப்படியானால் குறுங்காணொலியே கூடாது, அது குப்பை, கூத்து, குடிகெடுக்கும் வேலை” என்று சில பெரியவர்கள் கைதட்டக்கூடும். பொறுங்கள் ஐயா! உங்கள் பக்கமும் நான் இல்லை.

நாடக மேடையை இந்த நாடு ஒரு காலத்தில் எப்படிப் பார்த்தது? கூத்தாடி என்று சொல்லிக் குடியிருக்க வீடு கொடுக்க மறுத்தார்கள். திரைப்படம் வந்தபோதும் முகம் சுளித்தார்கள். ஆனால் 1949இல் ‘வேலைக்காரி’யும் 1952இல் ‘பராசக்தி’யும் வந்தபோது என்ன நடந்தது? ஏடு படிக்காத ஏழைகூட வசனத்தை மனப்பாடம் செய்தான், தெருமுனையிலே முழங்கினான். கருவி இழிந்ததன்று, அதைக் கையாளும் கருத்தே உயர்வையும் இழிவையும் தருகிறது.

சின்னாளபட்டியிலே சுங்குடிச் சேலையை விரித்து, முந்தானையைக் காட்டி, விலையைச் சொல்லி ஒரு நிமிடப் படம் போடுகிறார்கள். எங்கோ தொலைதூரத்து நகரத்திலிருந்து வாங்குபவர் அழைக்கிறார். இடையிலே நின்றவர்களின் பங்கு குறைகிறது. உழவர் ஒருவர் பயிரிலே விழுந்த பூச்சியைப் படம் பிடித்துக் காட்டுகிறார். இன்னோர் ஊர் உழவர் மருந்து சொல்கிறார். பட்டறையிலே அரத்தோடு உட்கார்ந்து மாங்காய்ப் பூட்டு செய்யும் முதியவரின் விரல் நுணுக்கத்தை, அவர் பெயரனின் கைப்பேசி உலகுக்குக் காட்டுகிறது. இதையெல்லாம் குப்பை என்பீர்களா?

கல்லூரிப் படிப்பை இடையிலே விட்டவன் நான். எனக்குப் பாடம் சொன்னவை படிப்பகமும் மேடையும். பட்டம் வாங்காதவரிடம் அறிவு போய்ச் சேரும் எந்த வழியையும் அடைக்கச் சொல்ல என் நாக்கு எழாது. வழியைத் திறந்து வைப்போம். வழியிலே வருவது என்ன என்று விழித்திருந்து பார்ப்போம்.

சுருக்கம் வேறு, துண்டு வேறு

“நீளம் குறைந்ததால் ஆழம் குறைந்துவிட்டது” என்கிறார்கள். அப்படியா? ஏழே சீரில் உலகளந்தவன் வள்ளுவன்! 1,330 குறளிலே ஒன்றாவது நீளம் குறைந்ததால் ஆழம் குறைந்ததுண்டா? குறுமை குற்றமன்று. ஆனால் குறள் சுருக்கம். முழுமையை வடித்து இறக்கிய சாறு. இன்று நம் கைக்கு வரும் படங்களிற் பல துண்டு. முழுமையை வெட்டி எறிந்த மிச்சம். சாற்றைப் பருகினால் பலம் வரும். வெட்டுண்டதை விழுங்கினால் வினை வரும்.

வினை வந்ததற்குச் சான்று காட்டுகிறேன். கராச்சி நகரிலே குழந்தைகளின் பாதுகாப்புக்காக ஒரு தொண்டு நிறுவனம் சிறு படம் எடுத்தது. மோட்டார் சைக்கிளில் வருபவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிச் செல்கிறார். உடனே திரும்பி வந்து இறக்கிவிட்டு, குழந்தைகளைக் கவனித்துக்கொள்ளுங்கள் என்று எச்சரிக்கும் அட்டையைக் காட்டுகிறார். நல்ல படம்! அதன் கடைசிப் பகுதியை எவனோ வெட்டினான். தூக்கிச் செல்லும் காட்சி மட்டும் இந்தியா முழுதும் சுற்றியது, பிள்ளை பிடிப்பவர் வந்துவிட்டார் என்று. காக்க எடுத்த படம் கத்தரி பட்டதும் கொலைக் கருவியாயிற்று! அந்தப் பேரச்சம் நாடெங்கும் பரவிய 2018 மே மாதத்தில், நம் திருவண்ணாமலை மாவட்டத்திலே, கோயிலுக்குச் சென்ற ஒரு மூதாட்டி, வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ‘குற்றத்துக்காக’ அடித்துக் கொல்லப்பட்டார். ஐயகோ! அடித்தவர்கள் அரக்கர்களா? இல்லை, நம்மைப் போன்ற ஊர் மக்கள். வதந்தியை நம்பினார்கள், வாய்திறந்து ஒரு கேள்வி கேட்கவில்லை.

2023 மார்ச்சிலே இன்னொரு புயல். தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று சொல்லிக் காணொலிகள் பரவின. வேறு காலத்துக் காட்சி, வேறு இடத்துக் காட்சி, வேறு காரணத்தால் விளைந்த சண்டை. அவற்றைக் கோத்து மாலையாக்கி, தமிழன் கழுத்திலே பழியாகப் போட்டார்கள். அஞ்சிய தொழிலாளர்கள் மூட்டை கட்டி இரயில் ஏறினார்கள். அன்றைய காவல்துறைத் தலைவர் சைலேந்திரபாபு, காணொலியிலேயே தோன்றி மறுக்க வேண்டியிருந்தது. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து நேரில் பார்த்தது. வந்தாரை வாழவைக்கும் நாடு என்ற நற்பெயர், சில நொடிக் காட்சியால் சில நாட்கள் தடுமாறியது. நம் மாவட்டத்து ஆலைகளிலும் அந்த மக்கள் நம்மோடு தோளுரசி உழைக்கிறார்கள். அவர்கள் முகத்திலே அச்சத்தைப் பரப்பியவர்கள் படையோடு வரவில்லை தோழர்களே, பகிரும் பொத்தானோடு வந்தார்கள்.

சாவி யாரிடம்?

2019இல் புவிசார் குறியீடு பெற்றது நம் திண்டுக்கல் பூட்டு. பூட்டு செய்யும் ஊருக்கு நான் ஒரு கேள்வி கேட்கிறேன். வீட்டுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை அயலாரிடம் கொடுத்துவிட்டு, “என் வீடு பத்திரமாக இருக்கிறது” என்று எவராவது உறங்குவாரா?

உங்கள் கைப்பேசியிலே அடுத்த படம் எது என்று தீர்மானிப்பவர் யார்? நீங்களா? அல்காரிதம் என்கிறார்களே, அந்தக் கணக்குப் பொறி தீர்மானிக்கிறது. எந்தப் படத்திலே உங்கள் விரல் நின்றது, எதைத் தள்ளியது, எதை மறுபடி பார்த்தது என்று குறித்துக்கொள்கிறது. சினத்திலே நின்றீர்களா? இன்னும் சினத்தை ஊட்டும். சாதிப் பெருமையிலே நின்றீர்களா? இன்னும் சாதியை ஊட்டும். அதற்கு அறமும் இல்லை, மறமும் இல்லை. நீங்கள் திரையை விட்டு எழுந்து போகக்கூடாது, அவ்வளவுதான். நீங்கள் அமர்ந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் விளம்பரக்காரருக்கு விற்கப்படுகிறது.

“படம் போடுகிறவருக்கும் பணம் வருகிறதே!” என்பர். 2023 பிப்ரவரி முதல் ஷார்ட்ஸ் விளம்பர வருவாயிலே பங்கு தருகிறார்கள், உண்மை. அந்தப் பங்குக்கு ஷார்ட்ஸ் வழியே மட்டும் தகுதி பெற, 1,000 சந்தாதாரரும், 90 நாளில் ஒரு கோடிப் பார்வையும் வேண்டும். பிறகு அவருக்கென ஒதுக்கப்படும் தொகையிலே 45 விழுக்காடு அவருக்கு, மிச்சம் நிறுவனத்துக்கு. நிலமும் அவர்களது, அளவுகோலும் அவர்களது; உழைப்பு மட்டும் நம் பிள்ளைகளது. வாரம் உழுத குடும்பங்களிலே பிறந்தவர்களுக்கு இந்தக் கணக்கை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆஸ்திரேலிய நாடு 2025 டிசம்பர் 10 முதல், 16 வயதுக்குக் கீழ்ப்பட்டோர் பெரிய சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்ற சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சரியா தவறா என்று வாதிடலாம். ஆனால் பிள்ளையின் பொழுதை யார் விற்பது என்ற கேள்வி, அரசாங்கமே எழுந்து நின்று கேட்கவேண்டிய கேள்வியாகிவிட்டது என்பதிலே வாதமில்லை.

இந்த மண் கற்பித்த இரண்டு பாடங்கள்

“அப்படியானால் நாம் என்ன செய்வது?” விடை தேடி வெளியூர் போக வேண்டாம். திண்டுக்கல்லே இரண்டு பாடங்களை வைத்திருக்கிறது.

முதற்பாடம், 1973. அந்த ஆண்டு மே மாதத்தில் இங்கே நாடாளுமன்ற இடைத்தேர்தல். 1972 அக்டோபரில் தோன்றிய கட்சி, எம்.ஜி.ஆர். தொடங்கிய கட்சி, மாயத்தேவரை நிறுத்தி வென்றது. அதே மே மாதத்தில்தான் ‘உலகம் சுற்றும் வாலிபன்’ திரைக்கு வந்தது. “சினிமா வென்றது” என்று சொல்லி முடித்துவிட்டவர் பலர். எந்தக் கட்சிக்காரர் ஆயினும் அரசியல் மாணவர் அத்தோடு நிறுத்தக்கூடாது. திரையிலே முகம் தெரிந்தது, மெய். ஆனால் தெருவிலே மன்றம் இருந்தது! ஊருக்கு ஊர் பெயர்ப்பலகை, மன்றத்துக்கு மன்றம் செயலாளர், வீட்டுக்கு வீடு வாக்குக் கேட்கும் கால்கள். திரையிலே கண்ட முகத்தை வாக்குச்சாவடி வரை கொண்டுசென்றவை அந்தக் கால்கள்.

இரண்டாம் பாடம், 2022. உலகத் தொழிலாளர் இயக்கம் இன்று ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ என்றே பெயர் சொல்லும் ஒன்று உண்டு. இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? 2021இன் தொடக்கத்தில், நம் மாவட்டத்து ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். அந்தத் துயரத்தின்மேல் எழுந்தது போராட்டம். அவருக்கு நீதி கேட்ட குரல் இணையத்தின் வழியே கடல் கடந்தது. அயல்நாட்டு ஆடை நிறுவனங்களின் வாசல்வரை எட்டியது. காணொலிக்கும் பதிவுக்கும் அதிலே பங்குண்டு; மறுக்கவில்லை. ஆனால் கையெழுத்து எதனால் வந்தது? பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு ஜவுளி, பொதுத் தொழிலாளர் சங்கம் மாதக்கணக்கில் மேசையிலே உட்கார்ந்து பேசியதால் வந்தது. 2022 ஏப்ரலிலே ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஏற்பட்டது. எச் அண்டு எம் போன்ற நிறுவனமும் கட்டுப்பட்டுக் கையொப்பமிட்டது. பாலினக் கொடுமையைக் கண்காணிக்கத் தொழிலாளர்களிடையே இருந்தே பயிற்சி பெற்றவர்கள் நியமிக்கப்பட்டனர். உலகம் சில நொடி பார்த்துக் கண்கலங்கிற்று. சங்கம் பல மாதம் உட்கார்ந்து உரிமை பெற்றது.

இரண்டு பாடமும் ஒன்றே சொல்கின்றன. படம் அழைப்பு மணி; அமைப்பே வீடு. மணி ஒலித்தும் வீடு இல்லையென்றால், வந்தவர் திரும்பிப் போவார். வீடு இருந்தும் மணி இல்லையென்றால், ஒருவரும் வரமாட்டார்.

நம் கணக்கு இனி இது

ஆகவே தோழர்களே, கிளைதோறும் சில பழக்கங்களை மேற்கொள்வோம்.

குறுங்காணொலி எடுங்கள். தயங்காமல் எடுங்கள். எரியாத தெருவிளக்கை, வராத பேருந்தை, மூடிக்கிடக்கும் நூலகத்தைக் காட்டுங்கள். ஆனால் முடிவிலே ஓர் இடம், ஒரு நாள், ஒரு நேரம் சொல்லுங்கள்: “ஞாயிறு மாலை ஆறு மணி, படிப்பகத்துக்கு வாருங்கள்.” அழைப்பில்லாத காணொலி முகவரி எழுதாத கடிதம்.

மாற்றாரின் பேச்சையும் வெட்டிக் காட்டாதீர்கள். பத்து நொடியைக் காட்டினால், முழு உரை இருக்குமிடத்தையும் காட்டுங்கள். பொய்யால் வரும் கைதட்டு நமக்கு வேண்டாம். அது நம் வாயிலிருந்து வரும் மெய்யையும் நாளைக்கு விலைபோகாமல் செய்துவிடும்.

கைக்கு வந்ததைக் கண்மூடி அனுப்பாதீர்கள். எந்த ஊர், எந்த நாள், யார் எடுத்தது? மூன்று கேள்விக்கும் விடையில்லையா? உங்கள் கையோடு நிற்கட்டும். தீயை அணைக்கக் குடம் தூக்கத் தேவையில்லை இங்கே. விரலை நிறுத்தினாலே போதும்.

ஆலை விடுதித் தங்கையரையும், சந்தைத் தொழிலாளரையும், கல்லூரி மாணவரையும் வாரம் ஒரு மணி நேரம் ஒன்றாக அமரவையுங்கள். கைப்பேசி ஓரமாக இருக்கட்டும். ஒருவர் ஏடு படிக்கட்டும். மற்றவர் கேள்வி கேட்கட்டும். நொடியிலே பார்த்தவற்றை மணிக்கணக்கில் அலசட்டும். மாத முடிவிலே தலைமைக்கு அனுப்பும் அறிக்கையிலே பார்வை எத்தனை என்பது இரண்டாம் வரியில் இருக்கட்டும். வந்தவர் எத்தனை பேர், அவர்கள் பெயர் என்ன என்பது முதல் வரியிலே இருக்கட்டும்.

இதோ, நம் தலைக்குமேலே மலைக்கோட்டை நிற்கிறது. அன்னாந்து பார்ப்பவர் ஆயிரம் பேர். படியேறுபவரே உச்சியை அடைகிறார். பார்வையாளராக மக்களை வைத்திருப்பது வணிகரின் வேலை. படியேறுபவராக அவர்களை ஆக்குவது நம் வேலை.

விரல் அசைத்துப் பார்த்த மக்கள், விழி திறந்து கேட்கட்டும்! கேட்ட மக்கள், எழுந்து நடக்கட்டும்! முன்னே சென்று அழைக்கும் பொறுப்பு உங்களுடையது.